எஸ்டிமேட்டுன்னா என்னங்க அர்த்தம்?

மொதல்ல ஒரு கேள்வி. ஓட்டல் வாசல்ல சாப்பாடு 120 ரூபாய்னு போர்டு போட்டிருக்கான். உள்ள போய் சாப்ட்டு, கை கழுவிட்டு கல்லாவுக்கு வந்தா பில்லு 560 ரூபாய். ஏன்யான்னு கேட்டா "இலைக்குத் தனி சார், தண்ணிக்குத் தனி, பரிமாறினவருக்குத் தனி, மேல விக்கல் வந்தா பாத்துக்கறதுக்கு ஒரு இன்சூரன்ஸ்"ங்கறான். நாம சும்மா இருப்போமா? தெருவே கூடிடும். ஆனா இதையே ஒருத்தன் வீட்டுக்கடன்ல பண்ணா, காட்டின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டு, "ரொம்ப தேங்க்ஸ் சார்"னு கையும் குலுக்கிட்டு, சாக்லேட் வாங்கிக் குடுத்துட்டு வர்றோம்.

உவமைக்காக ஏத்திச் சொன்னதுன்னு நினைக்காதீங்க. கணக்கு கீழ வருது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலை பாக்கறவங்களுக்குத் தெரியும். சம்பளம் போட்ட முதல் வாரம் கம்பெனி கேட்டுக்கு எதிர்ல குடை விரிச்சு, மேசை போட்டு, "வீட்டுக்கடன் மேளா"ன்னு பேனர் கட்டியிருப்பாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு ரயிலைப் பிடிக்க ஓடறவனை நிறுத்தி, "சார் பே ஸ்லிப் மட்டும் குடுங்க, மீதியை நாங்க பாத்துக்கறோம்"பாங்க. அந்த 'மீதி'யில என்னென்ன இருக்குங்கறதுதான் இந்தப் பதிவு.

எங்க லைன்ல வேலை பாக்கற ஒரு தம்பி. கவரைப்பேட்டை பக்கத்துல 32 லட்சத்துக்குத் தனி வீடு பேசி முடிச்சான். 25 லட்சம் கடன். கடன் குடுக்கற கம்பெனி பேரு வேணாம், எல்லா ஊர்லயும் கிளை வச்சிருக்கற கம்பெனி, அவ்ளோதான். "பத்திரச் செலவு உங்களுது. அது போக எங்க பக்கத்துச் செலவு எல்லாம் சேர்த்து ஒரு முப்பதாயிரம் வச்சுக்கோங்க"ன்னு ஏஜெண்ட் ஒரு துண்டுச் சீட்டுல எழுதியே குடுத்தாரு. பதிவுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்த கணக்கு இது:

1. பிராசஸிங் ஃபீஸ் அரை சதவீதம், 12,500. அதுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 2,250. மொத்தம் 14,750.
2. வக்கீல் ஒப்பீனியன், மதிப்பீட்டாளர் ஃபீஸ் 9,000.
3. எம்.ஓ.டி. பதிவு 18,500.
4. எம்.ஓ.டி. எழுதற செலவு 5,000.
5. 'செர்சாய் சார்ஜ்' 750.
6. கடனுக்கு ஆயுள் காப்பீடு, ஒரே தவணைப் பிரீமியம் 86,000.
7. 11 நாள் வட்டி 6,780.

கூட்டிப் பாருங்க. 1,40,780 ரூபாய். முப்பதாயிரம் எங்க, ஒண்ணே கால் லட்சத்தையும் தாண்டினது எங்க! இதுல காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடன்லயே கழிச்சுட்டாங்க. அதனால விக்கிறவருக்கு வர வேண்டிய 25 லட்சத்துல 24,14,000 தான் வந்துச்சு. மறுநாள் காலையில பத்து மணிக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல டோக்கன். விக்கிறவர் வெளியூர்லேர்ந்து வந்து தங்கியிருக்காரு. ஒப்பந்தத்துல போட்ட கெடு முடிய ரெண்டு நாள்தான். ராத்திரியோட ராத்திரியா ஒரு லட்சத்துக்கு மேல புரட்டணும். பொண்டாட்டி கழுத்துல கெடந்தது காலையில அடகுக்கடை திறந்ததும் உள்ள போச்சு. மிச்சத்துக்கு நூத்துக்கு மூணு வட்டிக்குக் கைமாத்து. சொந்த வீடு வாங்கின அன்னிக்கு அந்தப் பையன் மூஞ்சியைப் பாத்தா எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி இருந்துச்சு.

இப்ப ஒவ்வொண்ணா எடுத்துக்குவோம்.

எம்.ஓ.டி. பத்தி மொதல்ல. உங்க பத்திரத்தைக் கடன் குடுக்கறவன்கிட்ட அடமானமா ஒப்படைக்கறதுக்கான குறிப்பாணை. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்துல 58-வது பிரிவுல இருக்கு. கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய்னு மூணு ஊரை அதுல பேர் சொல்லியே போட்டிருக்காங்க. வியாபாரிகள் நீட்டி முழக்கி அடமானப் பத்திரம் எழுதாம, மூலப்பத்திரத்தைக் கையில குடுத்துட்டு அவசரத்துக்குக் கடன் வாங்கற வசதிக்காக வந்த ஏற்பாடு. எழுத்து வேலை வேணாம்னு வந்த ஏற்பாட்டுக்கு இன்னிக்கு தமிழ்நாட்டுல கடன் தொகையில அரை சதவீதம் முத்திரைத் தீர்வை (உச்ச வரம்பு 30,000), ஒரு சதவீதம் பதிவுக் கட்டணம் (உச்ச வரம்பு 6,000). 25 லட்சத்துக்கு 12,500-ம் 6,000-ம் சேர்த்து 18,500.

இந்த விகிதம் பதிவுத்துறை அட்டவணையில கிடக்கு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆன ஏஜெண்ட் கூட ஃபோன் கால்குலேட்டர்ல போட்டுச் சொல்லிடலாம். அப்ப ஏன் துண்டுச் சீட்டுல இல்ல? மறந்துட்டாங்கன்னு நம்பறவங்க நம்பிக்கோங்க. செலவு கம்மின்னு காட்டினாத்தான் பக்கத்துக் குடைக்காரன்கிட்ட ஆள் போக மாட்டான். அவ்வளவுதான் விஷயம்.

செர்சாய்ங்கறது மத்திய அரசோட அடமானப் பதிவேடு. ஒரே சொத்தை வச்சு நாலு இடத்துல கடன் வாங்கறதைத் தடுக்க வந்தது, நல்ல விஷயம்தான். அங்க ஒரு அடமானத்தைப் பதிய 5 லட்சத்துக்கு மேல கடன்னா கட்டணம் 100 ரூபாய், மேல ஜி.எஸ்.டி. இவங்க போட்டது 750. சின்னத் தொகைதான். ஆனா நூறு ரூபாய் ரசீதுக்கு 750 வாங்கற மனசு மத்த இடத்துல எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

காப்பீடு. வீட்டுக்கடனுக்கு ஆயுள் காப்பீடு எடுத்தே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல. எடுக்கறது நல்லதுங்கறது வேற விஷயம். அதை நானே சொல்லுவேன். ஆனா எங்க எடுக்கணும், எவ்வளவுக்கு எடுக்கணும்னு முடிவு பண்ண வேண்டியது நாம. "இது போடலேன்னா மேல அப்ரூவல் ஆகாது சார்"னு சொல்றது வியாபாரத் தந்திரம். 86,000 ரூபாயைக் கடன்லயே கழிச்சதால அதுக்கும் 20 வருஷத்துக்கு வட்டி. 9 சதவீதத்துல மாசம் 774 ரூபாய் மாதிரி வரும். 240 மாசத்துக்கு 1,85,000-த்தைத் தாண்டும். 86 ஆயிரத்துக்கு ஒரு பாலிசின்னு வித்துட்டு ரெண்டு மடங்குக்கு மேல வாங்கறான்.

கடைசியா அந்த 11 நாள் வட்டி. செக்குல 4-ஆம் தேதி போட்டுட்டு, 15-ஆம் தேதி பதிவு ஆபீஸ்ல கையில குடுத்தாங்க. வட்டி 4-ஆம் தேதியிலேர்ந்து ஓடுது. செக் அவங்க டிராயர்ல தூங்கின நாளுக்கெல்லாம் நாம வட்டி கட்டணும். இதைத்தான் ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29 சுற்றறிக்கையில கண்டிச்சுது. கடன் அனுமதிச்ச தேதியிலேர்ந்து வட்டி போடறது, செக் தேதியிலேர்ந்து வட்டி போட்டுட்டு பல நாள் கழிச்சு செக்கைக் குடுக்கறது, இதெல்லாம் ஆய்வுல கண்ணுல பட்டுச்சு, நியாயமில்லாத நடைமுறை, கூடுதலா வாங்கினதைத் திருப்பிக் குடுங்கன்னு எழுத்துல இருக்கு. ஆக ஊர் முழுக்க நடக்கற சங்கதின்னு ரிசர்வ் வங்கிக்கே தெரியும்.

சரி, எதிர்த்தரப்பு வாதத்தையும் பாத்துடுவோம். கடன் கம்பெனியில வேலை பாக்கற நண்பர்கள் வந்து சொல்லப் போறதுதான்.

"வக்கீல் ஃபீஸ், மதிப்பீட்டு ஃபீஸ் எல்லாம் மூணாவது ஆளுக்குப் போறது. எங்களுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?" ஏங்க, அந்த வக்கீலை யார் பிடிச்சது? உங்க பேனல் வக்கீல். மதிப்பீட்டாளரும் உங்க பேனல். நான் எங்க ஊர் வக்கீல்கிட்ட வாங்கிட்டு வர்றேன்னா ஏத்துக்க மாட்டீங்க. ஆளை நீங்க வைப்பீங்க, கூலியை நாங்க குடுப்போம், ரேட்டு மட்டும் உங்களுக்குத் தெரியாது! பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்னு அதே சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல தினம் நிக்கறது நீங்க. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை அந்தப் படி ஏறுறவன் நாங்க. யாருக்குச் செலவு தெரியணும்?

"கஸ்டமர் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும்." சரிதான். எப்பக் குடுத்தீங்க? பதிவுக்கு முந்தின நாள் சாயங்காலம். எந்த மொழியில? இங்கிலீஷ்ல, பொடி எழுத்துல, ஒரு கட்டு. அட்வான்ஸ் குடுத்து, கெடு முடியற நேரத்துல, 'இந்தத் தொகை சரியில்ல, நான் கையெழுத்துப் போட மாட்டேன்'னு சொல்ல எவனால முடியும்? சொன்னா அட்வான்ஸ் அம்போ. கழுத்துல கத்தி இருக்கறப்ப வாங்கின சம்மதத்துக்குப் பேர் சம்மதமா?

"அரசாங்கம் வாங்கற தீர்வைக்கு எங்களை ஏன் திட்டறீங்க?" இதுல பாதி நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன். தமிழ்நாட்டுல விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணத்தை 2017-ல ஒண்ணுலேர்ந்து நாலாக்கினாங்க, 2023-ல ரெண்டாக்கினாங்க. ஆக மொத்தம் 9 சதவீதம். (அடுக்குமாடிப் புதுவீட்டோட முதல் விற்பனைக்குக் கணக்கு வேற.) 32 லட்சத்துக்கு 2,88,000. 2025 ஏப்ரல்லேர்ந்து பெண்கள் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல ஒரு சதவீதம் குறைச்சிருக்காங்க, ஆனா சொத்து 10 லட்சத்துக்குள்ள இருந்தாத்தான். 10 லட்சத்துக்கு மனையாவது கிடைக்கும், ஆத்திர அவசரத்துக்குத் தேடினா வீடு கிடைக்குமா?

இதுல இன்னொரு கொக்கி. வீட்டு விலையோட பத்திரச் செலவைச் சேர்த்துக் கடன் வரம்பு கணக்குப் போடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி. வீட்டு விலை 10 லட்சத்துக்கு மேல போகாட்டி மட்டும் விதிவிலக்கு. காரணம் புரியுது, சொத்து மதிப்புக்கு மேல கடன் போயிடக் கூடாதுன்னு. ஆனா நடைமுறையில என்ன ஆகுது? கடன் கிடைக்காத பகுதி முழுக்க ரொக்கமா சொந்தக் கையிலேர்ந்து வரணும். நம்ம தம்பி 7 லட்சம் முன்பணம், 2,88,000 பத்திரச் செலவு, ஆக கிட்டத்தட்ட 10 லட்சத்தை பி.எஃப்., சீட்டு, மாமனார் வீடுன்னு எல்லாத்தையும் வழிச்சுத்தான் கொண்டு வந்தான். அதுக்கு மேல ஒரு ரூபாய் கூட இல்லாதவன்கிட்டதான் கடைசி ராத்திரி இன்னொரு லட்சம் கேக்கறாங்க. அதனாலதான் இந்த 'சின்ன வித்தியாசம்' அடகுக்கடையில போய் முடியுது.

அரசாங்கத்தைத் திட்ட வேண்டிய இடத்துல திட்டுவோம். கடனை வேற பேங்குக்கு மாத்தினா புதுசா எம்.ஓ.டி. போடணும், மறுபடி அதே தீர்வை. கடன் முடிஞ்சா ரத்து ரசீது பதியணும். அதோட பதிவுக் கட்டணம் 2023 ஜூலையில 20 ரூபாய்லேர்ந்து 200 ஆச்சு. வட்டி கம்மியா குடுக்கற இடத்துக்குப் போகணும்னா வழியில சுங்கச்சாவடி. மாறுதல் வட்டிக் கடன்ல முன்கூட்டி அடைக்கறதுக்கு அபராதம் வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2012-லயே பேங்குகளுக்குச் சொல்லிடுச்சு. அவன் விட்ட இடத்தை அரசாங்கம் பிடிச்சுக்குது.

ஆனா அரசாங்கத் தீர்வை கூடுதல்ங்கறது, அதை மறைச்சதுக்குச் சமாதானம் ஆகாது. தீர்வை எவ்வளவா வேணா இருக்கட்டும். முதல் நாளே சொல்லுய்யாங்கறதுதான் கேள்வி.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். இதுக்கு விதி இருக்கான்னா, இருக்கு. 2024 ஏப்ரல் 15-ல ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டுது. 2024 அக்டோபர் 1-லேர்ந்து அனுமதிக்கற எல்லா சில்லறைக் கடனுக்கும் 'முக்கிய விவர அறிக்கை' குடுத்தாகணும். கே.எஃப்.எஸ்.னு சுருக்கமா சொல்றாங்க. பேங்க், கூட்டுறவு பேங்க், வீட்டுக்கடன் கம்பெனி எல்லாருக்கும் பொருந்தும். கடன் வாங்கறவருக்குப் புரியற மொழியில இருக்கணும். வட்டியோட எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து வருஷத்துக்கு மொத்தம் எத்தனை சதவீதம்னு ஒரே எண்ணாக் காட்டணும். காப்பீடு, வக்கீல் மாதிரி மூணாவது ஆளுக்காக வசூலிக்கறதும் அந்த எண்ணுக்குள்ள வரணும், தனியாவும் காட்டணும், ரசீதும் குடுக்கணும். படிச்சு முடிவு பண்ண குறைஞ்சது மூணு வேலை நாள் அவகாசம். அதுல இல்லாத எந்தக் கட்டணத்தையும் கடன் முடியற வரைக்கும் உங்க வெளிப்படையான சம்மதம் இல்லாம வாங்கக் கூடாது.

படிக்கறப்ப கண்ணுல தண்ணி வருது, அவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க. ஓட்டை எங்கன்னு பாருங்க. நம்ம தம்பிக்கும் அந்த அறிக்கையைக் குடுத்தாங்க. அந்த முந்தின நாள் சாயங்காலம், அந்தக் கட்டுக்கு நடுவுல. துண்டுச் சீட்டுல இருந்த முப்பதாயிரத்துக்கும் அறிக்கையில இருந்த தொகைக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா சட்டத்தோட கண்ணுக்கு அறிக்கை மட்டும்தான் தெரியும், துண்டுச் சீட்டு தெரியாது. மூணு நாள் அவகாசம்னு விதி சொல்லுது, மறுநாள் காலையில டோக்கன்னு ஊர் சொல்லுது. அவனும் 'வெளிப்படையா சம்மதிச்சு'க் கையெழுத்துப் போட்டான். முடிஞ்சது.

இந்த இடத்துல அமெரிக்காக்காரனைப் பாக்கலாம். நம்ம பதிவுலக நண்பர்கள் நிறையப் பேர் அங்க வீடு வாங்கினவங்க, தப்பிருந்தா திருத்துங்க. 2008-ல வீட்டுக்கடனாலயே அந்த ஊர் கவுந்துச்சு. அதுக்கப்புறம் சட்டம் போட்டு, 2015 அக்டோபர்லேர்ந்து ஒரு முறை வச்சிருக்காங்க. விண்ணப்பம் குடுத்த மூணு வேலை நாளுக்குள்ள மதிப்பீட்டுச் சீட்டு குடுத்தாகணும். கையெழுத்துக்கு மூணு வேலை நாள் முன்னாடி இறுதிக் கணக்கு குடுத்தாகணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கற மாதிரி படிவம்.

சூட்சுமம் அதுக்கு அடுத்ததுல இருக்கு. கடன் குடுக்கறவனோட சொந்தக் கட்டணமும், வாங்கறவர் வேற ஆள் தேட முடியாதபடி இவனே ஆள் வச்ச சேவைக் கட்டணமும், சொன்னதை விட ஒரு டாலர் கூடக் கூடாது. அரசாங்கப் பதிவுக் கட்டணம், இவன் குடுத்த பட்டியல்லேர்ந்து நாம தேர்ந்தெடுத்த சேவை, இதெல்லாம் மொத்தமா 10 சதவீதம் வரை கூடலாம். நாமளே வெளியில தேடிப் பிடிச்ச ஆளுக்குத்தான் வரம்பு இல்ல. நியாயமான புதுக் காரணம் இல்லாம வரம்பைத் தாண்டினா, கூடுதல் காசை 60 நாளுக்குள்ள கடன் குடுத்தவன் திருப்பிக் குடுக்கணும். அங்கயும் எல்லாம் பாலும் தேனுமா ஓடுதுன்னு சொல்ல வரல. ஆனா எஸ்டிமேட் தப்பானா நஷ்டம் யாருதுங்கற கேள்விக்கு அங்க பதில் இருக்கு. எஸ்டிமேட் போட்டவனுதுன்னு.

நம்ம ஊர்ல அந்தக் கேள்வியையே இன்னும் யாரும் கேக்கல. அதனால நான் கேக்கறது நாலே நாலு.

ஒண்ணு, பிராசஸிங் ஃபீஸ்ல ஒரு பைசா வாங்கறதுக்கு முன்னாடி, விண்ணப்பம் குடுக்கறப்பவே முதல் அறிக்கை எழுத்துல வரணும். ரெண்டு, எம்.ஓ.டி. தீர்வை உள்பட பதிவு அன்னிக்கு ஆகற எல்லாச் செலவும் அதுல இருக்கணும். மூணு, கடன் கம்பெனி வச்ச ஆளோட ஃபீஸ் ஏறினா அந்த ஏத்தத்தைக் கம்பெனியே ஏத்துக்கணும். நாலு, ஏஜெண்ட் எழுதற துண்டுச் சீட்டும் கம்பெனி எழுதினதாவே கணக்குல வரணும். கமிஷன் குடுக்கறது நீங்க, அவர் வாய்க்கும் பொறுப்பு நீங்க.

இது வர்ற வரைக்கும் நாம என்ன பண்றது? விண்ணப்பத்தோடயே "முக்கிய விவர அறிக்கை தமிழ்ல வேணும்"னு எழுத்துல கேளுங்க. அதைக் கையில வாங்கின பிறகு பதிவுத் தேதி குறிங்க, தலைகீழாப் பண்ணாதீங்க. காப்பீடு வேணாம்னா வேணாம்னு மெயில்ல எழுதுங்க, ஏற்கெனவே தலையில கட்டியிருந்தா பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கலாம். செக் தேதியையும் கையில வந்த தேதியையும் குறிச்சு வைங்க. ஒவ்வொரு ஃபீஸுக்கும் ரசீது கேளுங்க. கம்பெனிக்குப் புகார் குடுத்து 30 நாள்ல பதில் இல்லேன்னா, பேங்குன்னா ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேன், வீட்டுக்கடன் கம்பெனின்னா தேசிய வீட்டு வசதி வங்கி. காசு செலவில்லாத வேலை.

அந்தத் தம்பிகிட்டயும் வட்டிக் கணக்குக்கு ஒரு புகார் எழுத வச்சிருக்கோம். 6,780 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலான்னு கேட்டான். அந்தத் தொகையை அவன் சம்பாதிக்க எத்தனை ஷிஃப்ட் நிக்கணும்னு கணக்குப் போடச் சொன்னேன். போட்டான். உடனே பேனா கேட்டான்.

டிஸ்கி: கடன் கம்பெனி நண்பர்கள் பின்னூட்டத்துல வந்து திட்டலாம், தாராளமா. ஆனா திட்டறதுக்கு முன்னாடி உங்க கம்பெனியோட செலவுப் பட்டியலை முழுசாப் போட்டுட்டுத் திட்டுங்க. போட்டுட்டீங்கன்னா மூணு பேருக்கு உபயோகமாவது இருக்கும்.